சைரன் அக்கா சேர்த்த பிள்ளைகள்

எண்ணூரில் சைரன் அக்கா குரல் கொடுத்தால் கடலுக்குப் போன படகே கரைக்குத் திரும்பிவிடும். எங்கள் தொடக்கப் பள்ளி இன்றைக்கும் நடப்பது அந்தத் தொண்டையால்தான்.

அக்கா எங்கள் சத்துணவு சமையல்காரர். நான் தலைமையாசிரியை. மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து ஒருவர். குப்பத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக, வீட்டு வாசலுக்கே வேன் வருகிற இங்கிலீஷ் பள்ளிக்குப் போய்விட, போன வருஷம் எங்களிடம் பெஞ்சுக்கு ஒரு பிள்ளைதான் மிச்சம். இப்படியே போனால், மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும்.

"அந்த ரோட்டை நானே கண்ணை மூடிக்கினுதான் தாண்டுறேன் டீச்சர். புள்ளைங்க இன்னா பண்ணும்?" என்ற அக்கா, மறுநாளே ஆள் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

கம்பெனி வேலைக்கு வந்த பீகார்க் குடும்பங்கள் பக்கத்திலேயே வரிசை வீடுகளில் இருந்தன. அக்காவுக்கு இந்தி தெரியாது. தமிழையே இன்னும் சத்தமாகப் பேசினால் இந்தி ஆகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. அவித்த முட்டை ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இஸ்கோலு, தெனம் முட்டை" என்று கத்தினார். முட்டை விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பெண்கள் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். அக்கா அசரவில்லை. கையில் கிடைத்த குழந்தையை உட்காரவைத்து, முட்டையை ஊட்டி, மண்ணில் பெரிதாக 'அ' எழுதிக் காட்டினார்.

அடுத்த திங்கள்கிழமை பள்ளி வாசலில் ஒரு மீன்பாடி வண்டி வந்து நின்றது. வண்டி நிறையப் பிள்ளைகள்.

சில மாதம் கழித்து அதிகாரி பார்வையிட வந்தார். வகுப்பு நிறைந்திருந்தது அவருக்குத் திருப்தி. ஆனாலும் ஒரு சந்தேகம். "இவங்களுக்குத் தமிழ் வருமா, டீச்சர்?" என்று கேட்டு, இரண்டாம் வகுப்பு பிங்கியிடம் குனிந்து, "உன் பேர் என்னம்மா?" என்றார்.

பீகாரில் பிறந்த பிங்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பிங்கி சார். இன்னா நின்னுகினே கீற, குந்து."

அது நான் சொல்லிக்கொடுத்த தமிழ் இல்லை, சமையல்கட்டுத் தமிழ். அதிகாரி சொன்னபடி உட்கார்ந்தார். சிரித்து ஓய்ந்த பிறகு, "பள்ளி இங்கேயே நடக்கட்டும்னு மேலே எழுதறேன்" என்றார். அப்படியே நடந்தது.

இந்த வருஷம் எனக்கு ராயபுரத்தில், வீட்டுக்குப் பக்கத்திலேயே மாறுதல் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று என் கணவர் கேட்டார். சைரன் அக்கா வைக்கும் சாம்பாருக்காக என்றேன்.

அந்தச் சாம்பாரில் உப்பே இருக்காது.