ஷின் என்று ஒரு ஆளே இல்லை

சனிக்கிழமை மதியம், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், விளையாட்டுச் சங்க மண்டபமொன்றின் பின்வாசலில் இரண்டு லொறிகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. இரண்டிலும் ஜப்பான் எழுத்து. இரண்டிலிருந்தும் அலுமாரி அலுமாரியாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மண்டபத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் கதிர்காமநாதன் சாவிக்கொத்தை இறுகப் பிடித்தபடி, மொழிபெயர்க்க வந்திருந்த ஸ்ரீநிதியிடம் ஓடினார். கோயம்புத்தூர்ப் பெண், பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஜப்பான் மொழி படிப்பவள்.

"பிள்ளை, ஒரு மல்யுத்தக் கொம்பனிதானே வாறதெண்டு இருந்தது? இதென்ன ரெண்டு லொறி?"

"சார், இது ஹினோடே. அது ஷின் ஹினோடே. ரெண்டும் வேற வேற கம்பெனி."

"ஷின் எண்டது ஆளின்ர பேரில்லையோ? ஹினோடேயில வேலை செய்யிற ஷின் எண்டவர் திரும்பவும் எழுதியிருக்கிறார் எண்டு நினைச்செல்லோ, ரெண்டு மெயிலுக்கும் ஓமெண்டு போட்டனான்!"

"ஷின்னா 'புது'ன்னு அர்த்தம் சார். புது ஹினோடே."

கதிர்காமநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். போன மாதம்தான் சங்கத் தலைவி திருமதி லிண்ட்னர் அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார். இன்னொன்று வந்தால் வேலை இல்லை. நாலு மணிக் காட்சிக்கு அந்த அம்மாவே நேரில் வருகிறார்.

"ரெண்டு பகுதிக்கும் அப்பிடி என்ன கோபம்?"

"பத்து வருஷம் முன்னாடி ஒரே கம்பெனிதான் சார். அதோ வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர், குரோதா, அவர்தான் குரு. பழைய ஸ்டைல். கையை முறுக்கிப் பிடிச்சா அரை மணி நேரம் விட மாட்டாங்க. சிவப்புக் கோட்டுல நிக்கிறவர் சீடர், ஒனிஷி. அவருக்கு அது போர் அடிச்சிருச்சு. மாஸ்க் போடணும், கயித்து மேல ஏறிக் குதிக்கணும்னார். ஒருநாள் பாதிப் பேரைக் கூட்டிட்டுத் தனியாப் போயிட்டார். அதுலேர்ந்து பேச்சே கிடையாது."

"எங்கட பழைய மாணவர் சங்கம் ரெண்டாப் பிரிஞ்ச மாதிரி" என்றார் கதிர்காமநாதன். விஷயம் முழுக்க விளங்கிவிட்டது. அதனால் பயம் இரட்டிப்பானது.

"சரி, இப்பிடிச் செய்வம். முதல் ஒரு மணித்தியாலம் ஒரு ஆக்கள். பிறகு மற்ற ஆக்கள். கேட்டுப் பாருங்கோ."

அவள் கேட்டாள். குரு தலையாட்டினார். சீடரும் தலையாட்டினார்.

"சம்மதமாமோ?"

"பெரிய கம்பெனிதான் கடைசியா ஆடுமாம் சார். ரெண்டு பேருமே பெரிய கம்பெனியாம்."

கதிர்காமநாதன் ஒரு யூரோக் குற்றியைச் சுண்டிவிட்டார். அது போய் ஒரு மல்லரின் வியர்த்த கழுத்தில் ஒட்டிக்கொண்டது. பூவா தலையா என்று கிட்டப் போய்ப் பார்க்க எவருக்கும் தைரியம் வரவில்லை.

உடைமாற்றும் அறையும் ஒன்றே ஒன்றுதான். அதன் நடுவே மஞ்சள் நாடா ஒட்டி, "இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவர்கள்" என்று சைகை காட்டினார். குளியல் ஒரு பக்கத்துக்கும் கழிப்பறை மறு பக்கத்துக்கும் போய்விட்டதை அவர் கவனிக்கவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் வியர்வையில் நனைந்தபடி நின்றது. மறு பக்கம் கால்மாறிக் கால்மாறி நின்றது.

மனைவி சுலோஜனாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"இஞ்சரப்பா, ஆக்களுக்குச் சாப்பாட்டைக் குடுங்கோ" என்றாள் அவள். "வயிறு நிறைஞ்சா ஒருத்தருக்கும் சண்டை பிடிக்க ஏலாது. ரோல்ஸ் சுட்டு வச்சிருக்கிறன், கொண்டு வாறன்."

ரோல்ஸ் சுடச்சுட வந்தது. வயதுக்கு மரியாதை என்று முதல் ரோல்ஸைக் கதிர்காமநாதன் குருவிடம் நீட்டினார். சீடரின் முகம் கோட்டின் நிறத்துக்கு வந்தது. பதறிப்போய் சீடருக்கு இரண்டு கொடுத்தார். குரு தன்னுடைய ஒன்றைப் பார்த்தார். சீடரின் இரண்டைப் பார்த்தார். சீடர் நிதானமாக ஒன்றைக் கடித்து, மற்றதைக் குருவின் வெள்ளைச் சட்டையில் நெஞ்சிலிருந்து வயிறு வரை தேய்த்தார்.

அதற்குப் பிறகு கதவு தானாகத் திறந்ததா, பிய்ந்து விழுந்ததா என்று கதிர்காமநாதனால் சொல்ல முடியவில்லை. முப்பது மல்லர்களும், நாலு மணிக் காட்சிக்கு நிரம்பி வழிந்த மண்டபத்துக்குள் உருண்டார்கள். முகமூடிக்காரர்கள் நாற்காலிகளிலிருந்து பறந்தார்கள். பழைய பாணிக்காரர்கள் வந்து விழுந்தவர்களின் கைகளைப் பிடித்து முறுக்கத் தொடங்கினார்கள்.

"ஹால்ட்! ஹால்ட்! புதுத் தரையடாப்பா!"

தரை கூட்டும் தும்புத்தடியோடு நடுவில் பாய்ந்தவரை ஒரு மல்லர் தலைக்கு மேலே தூக்கினார். அந்த உயரத்திலிருந்து கதிர்காமநாதனுக்கு முன்வரிசை நன்றாகத் தெரிந்தது. திருமதி லிண்ட்னர் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கதிர்காமநாதன் கண்ணை மூடிக்கொண்டார். இருபது வருட வேலை, வீட்டு வாடகை, சுலோஜனாவின் முகம் எல்லாம் வரிசையாக வந்து போயின.

கண்ணைத் திறந்தபோது ஒரு மூலையில் பூப்போல இறக்கி வைக்கப்பட்டிருந்தார். மண்டபம் கை தட்டி அதிர்ந்துகொண்டிருந்தது. தலைவி குரல் கட்டியிருந்தும் கத்திக்கொண்டே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த மண்டபத்தில் இப்படி ஒரு காட்சியை அவர் கண்டதேயில்லையாம். அடுத்த வருடமும் கதிர்காமநாதனே ஒழுங்கு செய்ய வேண்டுமாம்.

வேலை தப்பியது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. சனம் கலைந்ததும் பின்வாசலுக்குப் போனார். லொறிப் படியில் குருவும் சீடரும் ஒட்டி உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து ரோல்ஸ் தின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை" என்றார் ஸ்ரீநிதியிடம், "பிழை முழுக்க என்னிலதான். நான்தான் திகதியைக் குழப்பிப்போட்டன். ரெண்டு பேரிட்டயும் மன்னிப்புக் கேட்டதெண்டு சொல்லுங்கோ."

"மன்னிப்பா? அவங்க உங்களுக்கு நன்றி சொல்லணும்னு காத்திருக்காங்க சார்" என்றாள் ஸ்ரீநிதி. "ஜெர்மனியில எட்டு ஹாலுக்கு, ஒரே தேதி கேட்டு ரெண்டு கம்பெனி பேர்லயும் நான்தான் மெயில் அனுப்பினேன், ஏழு பேர் 'அன்னைக்கு ஏற்கெனவே புக் ஆயிடுச்சு'ன்னு ஒழுங்காப் பதில் போட்டு எங்க பொழப்பைக் கெடுத்துட்டாங்க!"