போர்டு போன வாஷிங் மெஷின்

இனிமேல் சனிக்கிழமைகளில் துணி துவைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்த முடிவு. மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லுமளவுக்குத் துணிச்சல் இருந்தால் நான் ஏன் துணி துவைக்கப் போகிறேன்?

சனிக்கிழமை அவளுக்கு ஆபீஸ் உண்டு, எனக்கு லீவு. ஆகவே வாஷிங் மெஷின் என் தலையில் விழுந்தது. போடுவது, எடுப்பது, உதறுவது, காயப்போடுவது, மடிப்பது. டிவியில் மேட்ச் முடிந்து கோப்பையைத் தூக்கும்போது நான் கடைசித் தலையணை உறையைத் தூக்கிக்கொண்டிருப்பேன்.

இத்தனைக்கும் என் வேலையே வாஷிங் மெஷின் கம்பெனியின் உதவி மையத்தில்தான். காதில் ஹெட்போன், அதற்குள் ஊரிலுள்ள அத்தனை பிடிவாதக்காரர்களும். பிளக்கைச் செருகாமலே மெஷின் செத்துவிட்டது என்பார்கள். "பிளக் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள். "பிளக்கைக் கழட்டித் தூசி தட்டிட்டு மறுபடி போடுங்க" என்று சொல்ல வேண்டும். உடனே மெஷின் ஓடும். ஒன்பது வருடம் இதைச் செய்தவனுக்கு ஒரே ஒரு மனைவியைச் சமாளிக்க முடியாதா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷினின் இரண்டு பட்டனைச் சேர்த்து மூன்று செகண்டு அமுக்கினேன். சைல்ட் லாக். குழந்தைகள் விளையாடாமல் இருக்க வைத்திருக்கும் பூட்டு. அதன் பிறகு எதை அமுக்கினாலும் பீப் என்று கத்துமே தவிர ஓடாது.

"மெஷினுக்குள்ள இருக்கற போர்டு போயிடுச்சும்மா. புதுசு வர மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரமா?"

"வெளியூர்லருந்து வரணுமே!"

"ஓஹோ" என்றாள். அந்த ஓஹோவிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மறுநாள் சனிக்கிழமை, காலை நீட்டிக்கொண்டு மேட்ச் பார்த்தேன்.

புதன்கிழமை சூப்பர்வைசர் அம்மா தன் ஹெட்போனை என் லைனில் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அடுத்து வர்ற போனை முழுசா கேட்கப் போறேன். நல்லா சமாளிச்சீங்கன்னா நீங்கதான் டீம் லீடர்."

நான்கு வருடமாக நான் ஏங்கிய பதவி. போன் வந்தது.

"வணக்கம், நான் எப்படி உதவலாம்?"

"அப்பாடா! காலையிலருந்து பதினோரு தடவை போட்டேன். வேற யார் யாரோ எடுத்தாங்க, வச்சுட்டேன்."

என் மனைவி. அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டு வீட்டில் இருந்தாள்.

இது என் சம்சாரம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிடலாம்தான். சொன்னால் அடுத்த நிமிடம் மெஷினைப் பூட்டிய கதையையும் சொல்ல வேண்டும். 

"சொல்லுங்க மேடம்."

"மெஷின் ஓட மாட்டேங்குது, தம்பி."

தம்பியாம்! கல்யாணமாகிப் பதினாலு வருடம் ஆகிறது.

"எதை அமுக்கினாலும் பீப் பீப்னு கத்துது. மேல குட்டியா ஒரு பூட்டுப் படம் எரியுது."

சூப்பர்வைசர் 'சைல்ட் லாக்' என்று தாளில் எழுதி என் முன்னால் தள்ளினார். தப்பிக்க வழியில்லை.

"அது சைல்ட் லாக் மேடம். ரெண்டு பட்டனைச் சேர்த்து மூணு செகண்டு அமுக்குங்க."

"மாட்டேன்."

"ஏன் மேடம்?"

"எங்க வீட்டுக்காரர் போர்டு போச்சுன்னு சொல்லியிருக்கார். அவருக்கு மெஷின்னா அத்துப்படி."

"போர்டு போயிருந்தா பூட்டுப் படமே எரியாது மேடம்."

"அப்ப அவர் சொன்னது தப்பா?"

"தப்புதான் மேடம்."

"தெரியாம சொன்னாரா, தெரிஞ்சே சொன்னாரா?"

ஒன்பது வருடத்தில் எந்தக் கஸ்டமரும் கேட்காத கேள்வி. தெரிந்தே என்றால் நான் பொய்யன். தெரியாமல் என்றால் மக்கு. சூப்பர்வைசர் 'பதில் சொல்லுங்க' என்று எழுதினார்.

"தெரியாமத்தான் மேடம். பாவம், அவருக்கு விவரம் பத்தாது."

"எனக்கும் அந்தச் சந்தேகம் ரொம்ப நாளா உண்டு தம்பி. ஆனா எங்க வீட்ல சின்னக் குழந்தையே இல்லையே. பூட்டினது யாரு?"

"தெரியாம கை பட்டிருக்கும்."

"ரெண்டு விரலு, மூணு செகண்டு. தானா படுமா?"

சூப்பர்வைசர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சரி, விடுங்க. நீங்களே சொல்லுங்க, இப்படி விவரம் பத்தாதவர் கையில மெஷினைக் கொடுக்கலாமா?"

என் காதில் தேன் பாய்ந்தது. நான் நினைத்ததை அவளே கேட்கிறாள்! சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன.

"கூடவே கூடாது மேடம்! அவரை மெஷின் பக்கமே விடாதீங்க!"

"நல்லதாப் போச்சு. மெஷினை நான் பார்த்துக்கறேன். அவர் துணியை அவர் வாளியில போட்டுக் கையால கசக்கட்டும். இந்தப் பேச்சு பதிவாகுதுல்ல?"

"ஆகுது மேடம்."

"ரொம்ப நன்றி தம்பி. இப்பதான் ரெண்டு பட்டனையும் அமுக்கினேன், ஓடுது" என்று போனை வைத்தாள். வைப்பதற்குள் பின்னால் மெஷின் சுற்றும் சத்தம் எனக்கும் கேட்டது.

சூப்பர்வைசர் ஹெட்போனைக் கழற்றினார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"பிரமாதம்! இந்தப் பதிவைத்தான் புதுசா சேர்றவங்களுக்குப் போட்டுக் காட்டப் போறேன்."

பாதி உயிர் திரும்பியது. "எல்லாம் அனுபவம்தான் மேடம். எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரரா இருந்தாலும்..."

"அதேதான்! உங்களை மாதிரி ஒரு பிடிவாதக்காரர் வாயாலயே எப்படி எல்லாத்தையும் வரவச்சாங்க, பார்த்தீங்களா? அந்தம்மா நம்பரைக் கொடுங்க, பேசணும்."

மூன்று மாதமாகிறது. விடுமுறை வேண்டுமென்றால் இப்போது எங்கள் புது டீம் லீடரிடம்தான் கடிதம் நீட்டுகிறேன்; வீட்டில் துணி கசக்கிய ஈரக் கையோடு நீட்டினால் வாங்க மாட்டாள்.