மாமா வீட்டுக் கடல்

கையில் டீ கோப்பையோடு ஜன்னலோரம் நின்று அவள் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். 'நான் மட்டும் தனியா போயிட்டு வந்துடறேன் அத்தை.' சின்ன வாக்கியம்தான். ஆனால் தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, கூரைகளுக்கு மேலே, ஒரு விரற்கடை அகலத்துக்குக் கடல் தெரிந்தது. அந்த விரற்கடையைப் பார்த்ததற்கே அவளுக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஜன்னலே இல்லாத அறையில் நாள் முழுக்க, "மூச்சை இழுங்க... பிடிச்சுக்கோங்க... விடுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பதால், கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு மூச்சக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது தனியாக வெளியூர் போக வேண்டும், மனுஷ நடமாட்டமே இல்லாத கடற்கரையில் நிற்க வேண்டும் என்பது அவளுடைய பல வருஷ ஆசை. இந்தக் கரையோரத்துப் படங்களைப் போனில் சேர்த்து வைத்து, சாப்பாட்டு இடைவேளையில் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். கறுத்த பாறைகள். செம்மண் சரிவு. பாறையில் ஒரு ஓட்டை; அலை அடிக்கும்போதெல்லாம் அதன் வழியாகத் தண்ணீர் பனை உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்குமாம்.

"தனியாவா? ஹோட்டல்லயா? நடக்கவே நடக்காது" என்றாள் அம்மா. அப்புறம் அவளே வழியும் சொன்னாள். "அங்கதான் எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் இருக்காரே! அவர் வீட்டுல தங்கறதா இருந்தா போ."

அம்மாவுக்கு இடது காது கேட்காது. போனை எப்போதும் அந்தக் காதில்தான் வைப்பாள். பேசி முடித்துவிட்டு, "அண்ணன் தாராளமா வரச் சொல்லிட்டார். நடுவுல என்னவோ சொன்னார், சரியா விழல. வீட்டுல ஆளுங்க இருப்பாங்க, பாத்துக்குவாங்கன்னார்" என்றாள்.

ஆளுங்க பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்கள். நேற்றுச் சாயங்காலம் பெட்டியோடு வாசலில் நின்றவளை மாமாவும் அத்தையும் ஓடி வந்து வரவேற்றார்கள்.

"வாங்க, வாங்க. வருவீங்கன்னு சொல்லியிருந்தாங்க. ரூம் ஒழிச்சு வச்சிருக்கோம்."

மாமாவை அவள் கடைசியாகப் பார்த்தது குழந்தையாக இருந்தபோது, யாரோ ஒருவரின் கல்யாணத்தில். ஒரு பெரிய மீசை மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

"மீசையை எடுத்துட்டீங்களா மாமா?"

அவர் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். "மீசையா? அது... காலேஜ் காலத்துல வச்சிருந்தேன்."

"என்னைப் போய் வாங்க போங்கன்னு கூப்பிடறீங்களே அத்தை. நீன்னே சொல்லுங்க."

"அதெப்படி! வாய் வரலைங்க" என்றாள் அத்தை.

எவ்வளவு மரியாதை தெரிந்த குடும்பம் என்று அவள் பூரித்துப்போனாள். அம்மா கொடுத்து விட்ட கம்பளிப் போர்வையை எடுத்து அத்தை கையில் வைத்தாள். அத்தை அதை விரித்துப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டாள். "எங்களுக்கா? நிஜமாவா? இவ்வளவு அன்பா இருக்கீங்களே!"

அந்தப் போர்வைதான் வம்பாகிவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் அவளை விட்டு அரை நிமிஷம் நகரவில்லை.

இப்போது அவள் டீ கோப்பையைக் கீழே வைத்து, துணிந்து ஆரம்பித்தாள். "அத்தை, நான் அந்தப் பாறைக் கடற்கரைக்கு..."

அத்தையின் முகம் ஒரு கணம் வாடியது. உடனே நிமிர்ந்துவிட்டது. "அடடா, நாங்களும் இப்ப அங்கதான் கிளம்பறோம்! என்னங்க, கேட்டீங்களா? இவங்களும் அங்கதான் வரணுமாம்."

உள்ளே மாமா கையில் இருந்த எதையோ தொப்பென்று கீழே போட்ட சத்தம் கேட்டது. "ஓ! நல்லதாப் போச்சு. சேர்ந்தே போயிடலாம்."

'எனக்காகச் சொந்த வேலையையெல்லாம் விட்டுவிட்டுக் கிளம்புகிறார்களே' என்று அவளுக்கு நெஞ்சு கனத்தது. சரி என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மாமா காரை ஓட்டினார். இடது பக்கம் திரும்பினார், ஒரு செங்கல் சூளை வந்தது. வலது பக்கம் திரும்பினார், மறுபடியும் அதே சூளை வந்தது.

"ரோடெல்லாம் மாத்திட்டாங்க போலிருக்கு" என்று முனகினார்.

பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருந்துகொண்டு கடலுக்கு வழி தெரியாத மனிதரை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். கடைசியில் கார் போய் நின்ற கடற்கரையில் சிமென்ட் பெஞ்சும் கைப்பிடிச் சுவரும் இருந்தன, பாறையைத்தான் காணோம். பெஞ்சில் அவளை நடுவில் உட்கார வைத்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். அலை எங்கோ தூரத்தில் சோம்பலாகப் புரண்டது.

"கொஞ்சம் நடக்கலாமா?" என்று கேட்டாள் அத்தை.

"உங்க இஷ்டம் அத்தை."

"எங்களுக்கு என்னங்க, உங்க இஷ்டம்தான்."

"இல்லையில்லை, உங்க இஷ்டம்தான்."

"அப்ப உட்கார்ந்தே இருக்கலாம்" என்று மாமா பெருமூச்சு விட்டார். மூன்று பேரும் வெயில் ஏறும்வரை உட்கார்ந்தே இருந்தார்கள்.

வீடு திரும்பியதும் அவள் மாடிக்கு ஓடி அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, நீயே சொல்லிடேன். என்னைத் தனியா விடச் சொல்லு. எனக்குச் சொல்ல கூச்சமா இருக்கு."

"சொல்றேன், சொல்றேன். அண்ணிகிட்ட குடு."

அவள் கீழே வந்து போனை அத்தையிடம் நீட்டினாள். அத்தை அதைப் பயபக்தியோடு வாங்கி, எழுந்து நின்றே பேசினாள். "வணக்கம்ங்க... ஆமாங்க... அப்படியாங்க? ஐயோ, கண்டிப்பாங்க. ஒரு நிமிஷம்கூடத் தனியா விடமாட்டோம்ங்க. நாங்க பொறுப்பு."

அவள் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "அம்மா! என்ன சொன்னே?"

"நீ சொன்னதைத்தான் சொன்னேன். தனியா விட வேணாம்னு சொல்லிட்டேன். அண்ணி குரல் கொஞ்சம்கூட மாறவே இல்லடி, அப்படியே இருக்கு!"

சாயங்காலம் அவள் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். தலைவலி. வெளியே கிளம்பிக்கொண்டிருந்த அவர்கள் இரண்டு பேரும் போனதும் நழுவிவிடலாம் என்பது திட்டம். சொல்லி வாய் மூடுவதற்குள் அத்தை தைலத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க கிளம்புங்க அத்தை, நான் சும்மா படுத்திருக்கேன்."

"உங்க அம்மாவுக்கு வாக்கு கொடுத்திருக்கேனே!" அத்தை வாசல் பக்கம் திரும்பினாள். குரல் தழுதழுத்தது. "என்னங்க, நீங்களாவது போய்ப் பாத்துட்டு வாங்க. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது பாத்த மாதிரி இருக்கும்."

மாமா போகவில்லை. மாத்திரை வாங்கி வந்து, கஞ்சி வைக்க முயன்று, அடிப்பிடிக்க விட்டார். உப்பு எங்கே இருக்கிறது என்று அத்தையைக் கேட்டார். அத்தைக்கும் தெரியவில்லை. வீடு பெருக்க வந்த அம்மாள்தான் துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போய் எடுத்துக் கொடுத்தாள். இந்த வீட்டில் யாருக்கும் எதுவும் நினைவில் நிற்பதில்லை போலும் என்று நினைத்தபடி அவள் தைல நெடியில் கண் எரியப் படுத்துக்கிடந்தாள். மறுநாள் மத்தியானம் அவளுக்குப் பஸ். கடல் இன்னும் அதே விரற்கடை அகலத்தில்தான் இருந்தது. அழுகை வந்தது.

விடிந்தும் விடியாத நேரத்தில் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்கதவு வழியே வெளியேறினாள். தெருமுனை வரை நுனிக்காலில் நடந்தாள். அப்புறம் ஓடினாள். பால் வண்டிக்காரர் ஒருவர் வழி சொன்னார். முள்புதருக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. துப்பட்டா இரண்டு இடத்தில் மாட்டிக் கிழிந்தது. அவள் நிற்கவில்லை. செம்மண் சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினாள்.

கடல்!

படத்தில் பார்த்ததெல்லாம் ஒன்றுமேயில்லை. படத்தில் சத்தம் கிடையாதே. ஒவ்வொரு அலையும் பாறையில் மோதும்போது காலடியில் தரை அதிர்ந்தது. அவளுடைய விலா எலும்பு வரை அது ஏறியது. காலடித் தடம் ஒன்றுகூட இல்லாத மணல் ஈரமாக மின்னியது. நண்டுகள் அவளைப் பார்த்துச் சிதறி ஓடின. திடீரென்று பாறை ஓட்டை உறுமியது. வெள்ளையாக, பனை உயரத்துக்கு, தண்ணீர் எழும்பி நின்றது. நின்று, யோசித்து, அவள் தலையில் கொட்டியது.

அவள் தொண்டை கிழியக் கத்தினாள். என்ன கத்துகிறோம் என்று தெரியாமலே கத்தினாள். "மூச்சை இழுங்க! பிடிச்சுக்கோங்க! விடுங்க!"

பதிலுக்கு யாரோ "ஹோய்!" என்று கத்தினார்கள்.

அவள் திரும்பினாள். பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய மாமா. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிய அத்தை. இருவர் கையிலும் செருப்பு. இருவரும் கைகோத்து, குழந்தைகளைப் போலக் குதித்துக்கொண்டு வந்தவர்கள், அவளைப் பார்த்ததும் சிலையாக நின்றுவிட்டார்கள்.

மூன்று பேரும் திருடர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்... சும்மா... காத்து வாங்க..." என்றாள் அவள்.

"நாங்க... உங்களைத்... தேடிக்கிட்டுத்தான்..." என்றார் மாமா.

விடியுமுன்பே படுக்கை காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறி, இந்த முள்ளிலும் கல்லிலும் தேடி வந்திருக்கிறார்களே! அவள் ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க அத்தை. சொல்லாம வந்தது தப்புதான்."

அத்தை திருதிருவென்று விழித்தாள். அதற்குள் பாறை மறுபடி உறுமியது. கொட்டிய தண்ணீரில் மூவரும் தெப்பமாக நனைந்தார்கள். முதலில் சிரித்தது மாமாதான். அத்தைக்கும் தொற்றிக்கொண்டது. அப்புறம் யாரும் யாருடைய இஷ்டத்தையும் கேட்கவில்லை. மாமா ஆழமில்லாத பாறைக்குட்டையில் குழந்தை மாதிரி உட்கார்ந்துகொண்டார். அத்தை புடவைத் தலைப்பில் சிப்பி பொறுக்கினாள். அவளோ பாறைக்குப் பாறை தாவினாள், வழுக்கி விழுந்தாள், எழுந்து மறுபடி தாவினாள். வெயில் சுள்ளென்று ஏறிய பிறகுதான் மூவரும் உப்புப் பூத்த முகங்களோடு வீடு திரும்பினார்கள்.

புறப்படும்போது மாமா அவள் பெட்டியை ஓடி ஓடித் தூக்கினார். பிரிவுத் துயரம் தாங்காமல்தான் அவ்வளவு வேகம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆட்டோவைப் பிடித்து வந்ததும் அவரே. தெரு திரும்பும்வரை இரண்டு பேரும் வாசலில் நின்று கையாட்டினார்கள்.

பஸ் நிறுத்தத்தில் வீடு பெருக்கும் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ஊருக்குக் கிளம்பியாச்சா?"

"ஆமாம்மா. மனசே இல்ல" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் மாமா, அத்தை மாதிரி உலகத்துல யாரும் கிடையாது. சொந்தம்னா இப்படித்தான் இருக்கணும்."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க மாமாவும் அத்தையும் வீட்டை வாடகைக்கு விட்டுட்டு மக வீட்டுக்குப் போயிட்டாங்களேம்மா, இவங்க கடல் பாக்க வந்து தங்கியிருக்கிற யாரோ, பாவம், 'வீட்டுக்காரரோட சொந்தக்காரப் பொண்ணு எங்களைத் தனியா விடவே மாட்டேங்குது, எப்பத்தான் கிளம்பும்'னு நேத்தெல்லாம் என்கிட்ட அழுதுக்கிட்டிருந்தாங்க!"