சம்பந்தியின் தும்மல்

திருச்சுழியில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் தங்கசாமி அவர்களுக்கு, அருப்புக்கோட்டை நூல்கடை காளீஸ்வரன் வணக்கத்தோடு எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம், என்னைத் தவிர. போனில் சொல்லலாம்தான், பக்கத்தில் உங்கள் தங்கை நிற்பாள், "நல்ல காரியத்துல ஏன் இப்படிப் பயந்து சாகுறீக?" என்பாள். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதி, பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

என் மகள், உங்கள் மருமகள் சுபத்ரா சென்னையில் ஒரு குழுவில் பாடுவது தெரியுமே, நம்ம ராகத்தோடு ஜாஸ் என்று ஒன்றைக் கலந்து வாசிக்கிறவர்கள். வருகிற வெள்ளிக்கிழமை நடக்கப்போகும் தன் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வேண்டாம், அவர்களே வாசிக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பிள்ளை ஆசை என்று விட்டேன். நேற்று மண்டபத்தில் ஒத்திகை பார்த்தேன், அதிலிருந்து சோறு இறங்கவில்லை. குறை சொல்லக் கூடாது, கல்யாணி ராகத்தை நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள், சாக்ஸபோன்காரர் கண்ணை மூடிக்கொண்டு அதை எங்கெங்கோ கூட்டிப்போனார், பத்திரமாகத் திரும்புவாரா என்று எனக்கு வியர்த்தது, திரும்பிவிட்டார், சரி தாலி கட்டும் நேரம் எப்படி என்று பார்ப்போமே என்று விரலைத் தூக்கி "கெட்டிமேளம்!" என்றேன், டிரம்ஸ்காரர் மண்டபம் அதிர அடித்தார், உச்சத்துக்குப் போனதும் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி நிறுத்திவிட்டார்கள். சுத்த அமைதி.

"என்னம்மா, கரண்டு போயிருச்சா?"

"இல்லப்பா, இதுதான் எங்க பாட்டுலயே அழகான இடம்."

மச்சான், கெட்டிமேளம் எதற்கு? தும்மல், அழுகை எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே? நம்ம சம்பந்தி தனுஷ்கோடி பஞ்சு வியாபாரி. ஆயுள் முழுக்கத் தூசி தின்ற மூக்கு. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது அவர் தும்மினதுக்கே, அவர் அக்கா முத்துப்பேச்சி அம்மாள் சபையில் எழுந்து, "சகுனம் சரியில்ல. இன்னொரு தும்மல் கேட்டுச்சு, மாப்பிள்ளைய எந்திரிக்கச் சொல்லிருவேன்" என்று சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள். அந்த அமைதியில் இவர் தும்மினால் என் பிள்ளை கதி என்ன? கண்ணை மூடினால் தும்மல் சத்தம்தான் கேட்கிறது. வேண்டாம்மா என்று சொல்லிவிடலாம், ஆனால் பாடும்போது அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வர மாட்டேன் என்கிறது. தயவுசெய்து உங்கள் ஊர் மேளக்காரர்களைக் கூட்டிவந்து சமையல்கட்டில் ஒளித்து வையுங்கள். இவர்கள் நிறுத்துகிற நொடியில் அவர்கள் அடிக்கட்டும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் காட்டுக்கு மழையும் எனக்குத் தைரியமும் சீக்கிரம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
காளீஸ்வரன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்குள் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். சம்பந்தியும் அவர் அக்காவும் ஒத்திகை பார்க்க வந்திருந்தார்கள். அந்த அமைதி வந்தது. சம்பந்தி தும்மினார். எனக்கு உயிர் போய்விட்டது. டிரம்ஸ்காரர் அந்தத் தும்மலை அப்படியே வாங்கி அடித்தார், சாக்ஸபோன் அதைப் பிடித்துக்கொண்டது, சுபத்ரா அதற்கு ஸ்வரம் பாடினாள். முதலில் கைதட்டியது முத்துப்பேச்சி அம்மாள். "ஏலே தனுஷ்கோடி, முகூர்த்தத்துலயும் இதே இடத்துல தும்மிரணும். தப்புச்சுன்னா மாப்பிள்ளைய எந்திரிக்கச் சொல்லிருவேன்" என்று உத்தரவு. ஆகவே மேளக்காரர்கள் வேண்டாம். சம்பந்திக்கு நேரத்துக்குத் தும்மல் வருமோ வராதோ என்பதுதான் இப்போது என் கவலை. வரும்போது நல்ல காரமான மூக்குப்பொடி ஒரு டப்பா வாங்கி வாருங்கள்.