சகலை சொன்ன பிரெஞ்சு டோஸ்ட்

ஓவன் கதவைத் திறந்த லிப்ட் மெக்கானிக், உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடினார். மூடித் திறந்தால் மாறியிருக்குமோ என்று ஒரு நப்பாசை. மாறவில்லை. இரண்டு கப்பிகள், ஒரு கிரீஸ் டப்பா, கை நிறைய ஸ்பிரிங்குகள், எந்தக் கட்டடத்தில் கழற்றியது என்றே நினைவில்லாத பொத்தான் பலகை ஒன்று. எல்லாம் அவர் பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்த சொத்துகள்தான்.

ஞாயிறுதோறும் மனைவி இதே ஓவனில்தான் பிரெஞ்சு டோஸ்ட் செய்வாள். அப்போது இவையெல்லாம் எங்கே போயின என்று அவர் யோசித்ததே கிடையாது. தட்டு மேஜைக்கு வரும், சாப்பிடுவார், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட வாய் சும்மா இருந்திருக்கலாம். "பிரெட்டை உள்ள வெச்சா அது பாட்டுக்கு வேகப்போகுது. இதுல உனக்கு என்ன பெரிய வேலை?" என்று கேட்டுத் தொலைத்தார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பிழைத்திருப்பார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள், பையோடு வந்தாள்.

"அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு வர்றேன். இதையே நீங்க செஞ்சு வைங்க. யாரையும் கேக்கக் கூடாது. வாயில வைக்கிற மாதிரி இருந்தா இந்தப் பை வீட்டுக்குள்ள வரும். இல்லன்னா நான் அக்கா வீட்டுலயே இருந்துக்கறேன்."

ஒரு வாரம் ஓடி, அந்த ஞாயிறும் விடிந்துவிட்டது. பேச ஆளில்லாமல், டிவியில் செய்தி வாசிப்பவருக்கே பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார். அவள் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

யாரையும் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. செய்முறைப் புத்தகம் இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டார்கள். அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சகலைக்குப் போன் போட்டார். சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், பெரிய ஹோட்டல் ஒன்றில் வேலை பார்ப்பவர். வரவேற்பு மேஜையில்தான் வேலை. இருந்தாலும் ஹோட்டல் ஹோட்டல்தானே.

"சகலை, அவ பக்கத்துல இருக்காளா?"

"மாடியில தூங்குறாங்க. சொல்லுங்க."

"நான் கேட்டது அவளுக்குத் தெரியக் கூடாது. என் குடும்பமே உங்க கையிலதான் இருக்கு. ஓவன்ல பிரெஞ்சு டோஸ்ட் எப்படிப் பண்றது?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. விஷயம் தெரிந்தவர் அவசரப்பட்டு வாயைத் திறக்கமாட்டார் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

"முதல்ல, ஓவன் காலியா இருக்கா?"

"கொஞ்சம் ஸ்பேர் பார்ட்ஸ் இருக்கு."

"எடுத்துடுங்க. கிரீஸ் வாசம் முட்டையில ஏறிடும்."

"எடுத்து பால்கனியில வெச்சிடறேன்."

மறுபடியும் மௌனம். "பால்கனியில வெச்சா வாசம் காத்துல திரும்பி வரும் சகலை. கீழ ஷெட்டுக்குக் கொண்டு போயிடுங்க. பால்கனியில ஏற்கெனவே ஏதாவது இருந்தா, அதையும் சேர்த்து."

பால்கனியில் ஏற்கெனவே நிறைய இருந்தது. ஆறு நடை நடந்தார். கடைசி நடையில் சாக்கின் அடி கிழிந்து, ஸ்பிரிங்குகள் படிக்கட்டில் தாவித் தாவி இறங்கின. தரைத்தள டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றன. அவற்றைப் பொறுக்கி முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. ஆனால் உற்சாகம் போகவில்லை. ஓவன் பளிச்சென்று வாயைத் திறந்து அவருக்காகக் காத்திருந்தது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஒரு வாரமாக யாரும் தொடாத பிரெட் காய்ந்து கிடந்தது. காய்ந்ததுதான் நல்லது என்றார் சகலை. மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. தன் சோம்பேறித்தனம் ஒரு பக்குவமாக ஆனது இதுதான் முதல் தடவை. துண்டுகளை டிரேயில் சாய்த்து அடுக்கினார். முட்டை, பால், சர்க்கரை, பட்டைத்தூள் எல்லாவற்றையும் அடித்து ஊற்றினார்.

"இனிமே ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜுல ஊறணும்," என்றார் சகலை.

"ஃப்ரிட்ஜுல இடமில்லையே."

"என்ன இருக்கு?"

"அதெல்லாம் எனக்கும் தெரியாது சகலை."

"அப்ப மொத்தமா காலி பண்ணித் துடைச்சிடுங்க. பழைய சாஸ் வாசம் ஒட்டிச்சுன்னா பிரெட் கெட்டுச்சு."

துடைக்கும்போது நடுத்தட்டு சறுக்கியது. ஜாம் பாட்டில் கீழே விழுந்து சிதறியது. கண்ணாடியைப் பொறுக்கிய பிறகும் நடந்த இடமெல்லாம் செருப்பு ஒட்டிக்கொண்டது. டிரேயை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு மறுபடியும் போன் போட்டார்.

"ஜாமா? போச்சு. எறும்பு வந்துடும். வெண்ணெய் வாசம் அடிச்சா நேரா டிரேக்குத்தான் வரும். தரையைப் பூரா துடைங்க. ஃப்ரிட்ஜுக்கு அடியில, ஓவனுக்குப் பின்னாடி, ஒரு இடம் விடாதீங்க."

"ஓவனுக்குப் பின்னாடியா? அது வாங்கின நாள்ல இருந்து நகர்த்துனதே இல்லையே."

"அப்ப எறும்பு அங்கதான் குடியிருக்கும்."

மெக்கானிக் ஓவனை முன்னால் இழுத்தார். பின்னால் இருந்த அழுக்கைப் பார்த்து அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாளியில் தண்ணீர் பிடித்து, தேய்த்துக் கழுவி, முட்டி வலிக்க எழுந்தார். குழாயை எவ்வளவு திருகியும் நிற்காமல் சொட்டியது. அது எப்போதும் சொட்டுவதுதான்.

"அது என்ன சத்தம்?" என்றார் போனில் சகலை.

"குழாய் சொட்டுது. அதை விடுங்க."

"விடறதா? சமையலறையில ஈரம் இருந்தா மேல்பக்கம் மொறுமொறுப்பே வராது. பெரிய ஹோட்டல்ல எல்லாம் சொட்டுற குழாயைப் பார்த்தா வேலையை விட்டே தூக்கிடுவாங்க."

பிழைப்புக்காக ஊரில் உள்ள அத்தனை கட்டடத்திலும் ஏறி இறங்கியவர், ஒரு குழாய் வாஷருக்கா அஞ்சுவார்? ஸ்பேனரை எடுத்தார். ஒரே திருகு. குழாயின் தலை கையோடு வந்தது. தண்ணீர் பீய்ச்சியடித்துக் கூரையில் மோதி, திரும்பி அவர் தலையில் விழுந்தது.

முதலில் அவருக்கு டிரேதான் நினைவுக்கு வந்தது. ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடியிருக்கவில்லை. பாய்ந்து போய் முதுகால் அதைச் சாத்தினார். பிறகு அதே ஓட்டமாகப் படியிறங்கி, கண்ணில் பட்ட வால்வை மூடினார். அது மொத்தக் கட்டடத்துக்கும் பொது வால்வு.

தலையில் நுரையோடு டீச்சர் வெளியே வந்தார். ஒரு கண்தான் திறந்திருந்தது.

"தண்ணி எங்க?"

"பிரெஞ்சு டோஸ்ட் பண்றேன் டீச்சர். அஞ்சே நிமிஷம்."

டீச்சர் அந்த ஒற்றைக் கண்ணால் அவரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போனார். ஒரு துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் வந்து, வால்வு பக்கத்திலேயே காவலுக்கு நின்றார்.

வாஷர் மாற்றி, வால்வைத் திறந்துவிட்டு, கூரையைத் துடைத்து, தரையை இன்னொரு முறை துடைத்து முடித்தபோது பிரெட் நன்றாக ஊறியிருந்தது. மேலே வெண்ணெய்த் துண்டுகளைத் தூவி, டிரேயை ஓவனில் வைத்தார். முதல் லிப்டை ஓடவிட்ட அன்றுகூட இவ்வளவு பயந்ததில்லை. ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிரெட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. குனிந்து பார்த்தால், ஓவனை இழுத்தபோது பிளக் கழன்று வந்திருக்கிறது.

மணி பத்தரை. பதறிப்போய் பிளக்கைச் சொருகி, சூட்டை உச்சத்துக்குத் திருப்பினார். உச்சத்தில் வைத்தால் உச்சத்தில்தான் புகையும்.

"சகலை, புகையுது. அவ இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவா. முடிஞ்சது என் கதை."

"பயப்படாதீங்க. சூட்டைப் பாதியாக் குறைங்க. ஜன்னலைத் திறந்து விடுங்க."

"ஜன்னல் திறக்காது. பெயின்ட் அடிச்சப்போ ஒட்டிக்கிச்சு."

"எப்ப அடிச்சது?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

இந்த முறை மௌனம் ரொம்ப நேரம் நீடித்தது. பிறகு சகலை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னைக்குத் திறந்தே ஆகணும் சகலை. காத்து இல்லன்னா டோஸ்ட் உப்பாது."

உளியை வைத்து நான்கு பக்கமும் தட்டினார். தோளால் முட்டினார். ஜன்னல் படாரென்று திறந்தது. புகை வெளியே போனது, வெயில் உள்ளே வந்தது. அந்த வெளிச்சத்தில் அடுப்பு மேடை மின்னியது. ஓவனுக்குள் பிரெட் மெல்ல எழுந்து, பொன்னிறமாக, ஓரத்தில் வெண்ணெய் கொதிக்க, அவருக்கு முன்னால் உப்பி நின்றது.

"சகலை, உப்பிருச்சு," என்றார். சகலை ஏற்கெனவே போனை வைத்துவிட்டிருந்தார்.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. மனைவி, அவள் அக்கா, சகலை மூவரும் ஏறி வந்தார்கள். சகலை அவரைப் பார்த்து ஒன்றும் தெரியாதவர் போல் வணக்கம் சொன்னார். என்ன நடிப்பு, என்ன விசுவாசம் என்று மெக்கானிக் உருகினார்.

மனைவி நேராக மேஜைக்கு வரவில்லை. சமையலறைக்குள் போனாள். ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினாள். குழாயைத் திறந்து மூடினாள். ஜன்னல் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று காற்று வாங்கினாள். அதன் பிறகுதான் வந்து உட்கார்ந்தாள்.

மெக்கானிக் பரிமாறினார். ஒரு ஓரம் கருகியிருந்ததைத் தன் தட்டுக்குத் தள்ளிக்கொண்டார். அவள் ஒரு வாய் எடுத்து நிதானமாக மென்றாள்.

"நல்லாயிருக்கு," என்றாள். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். "யாரையும் கேக்கலையே?"

"சத்தியமா இல்ல. நானே பண்ணேன். இது எவ்வளவு பெரிய வேலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தார். தோள் குலுங்கியதே தவிர கண்ணில் நீர் இல்லை.

"பை கார்ல இருக்கு. எடுத்துட்டு வாங்க," என்றாள்.

மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கினார் மெக்கானிக். சகலையும் அக்காவும் பின்னாலேயே வந்தார்கள். டிக்கியிலிருந்து பையை எடுத்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சகலையின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"என் வாழ்க்கையையே காப்பாத்திட்டீங்க சகலை. இப்படி ஒரு சமையல்காரர் உங்களுக்குள்ள இருக்கார்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே."

சகலை ஆகாயத்தைப் பார்த்தார். அக்கா காரின் மேல் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுச் சொன்னாள்:

"இவருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது தம்பி. காலையில இருந்து போனை ஸ்பீக்கர்ல போட்டு, ஒண்ணொண்ணா இவர் காதுல ஓதினது உங்க பொண்டாட்டிதான். பிரெட்டுக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேட்டுடுவீங்களோன்னு நாங்க மூணு பேரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம்."