அக்காவுக்கு விடியாத சனிக்கிழமை

நுகுஅலோஃபா, செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய தோமசி அத்தானுக்கு, கடைக்காரச் செமிசி வணங்கி எழுதுவது. ஆண்டவன் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். அங்கே பனியில் நீங்களும் சுகமென்று நம்புகிறேன்.

அக்கா நேற்றுதான் வந்து சேர்ந்தார். என் மகள் லுசியானேயின் கல்யாணமோ சனிக்கிழமையே முடிந்துவிட்டது. தப்பு என்னுடையது. உங்கள் சால்ட் லேக் சிட்டிக்கும் நம் தீவுக்கும் ஒன்பதாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் போகும், நடுவில் இறங்கி ஏறுவதையும் சேர்த்தால்கூட வெள்ளி மத்தியானம் கிளம்புகிறவர் சனி மத்தியானம் இங்கே இருப்பார் என்று வகுத்துப் பார்த்து டிக்கெட் போட்டேன். நடுக்கடலில் ஒரு கோடு இருக்கிறது, அதைத் தாண்டினால் ஒரு நாள் போய்விடும் என்பதை மறந்தேன். என் கடையில் விற்கிற கோழிக்கால் முழுக்க அமெரிக்காவிலிருந்து அந்தக் கோட்டைத் தாண்டித்தான் வருகிறது, ஆனால் கோழிக்கால் எந்த நாளும் என்னிடம் கிழமை கேட்டதில்லையே.

சனிக்கிழமை விமானத்தில் அக்கா இல்லை. மாப்பிள்ளையின் அப்பா மாகா, "சம்பந்தி, கோழிக்காலை கிராம் கணக்கா நிறுக்கிற ஆளு, கிழமையைக் கோட்டை விட்டுட்டீங்களே. நாளைக்கு ஞாயிறு, நம்ம தீவுச் சட்டப்படி விமானமும் இறங்காது, கல்யாணமும் வைக்க முடியாது. அடுப்புல இருக்கிற பன்னி திங்கள் வரைக்கும் நிக்குமா?" என்றார். நம் வழக்கத்தில் அப்பாவின் அக்காவுக்குத்தானே முதல் மரியாதை; அத்தை ஆசீர்வதிக்காத கல்யாணம் நிலைக்குமா என்று லுசியானே அழுதுகொண்டேதான் கோயிலுக்குள் போனாள்.

நேற்று வந்த அக்கா பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் என் வியாபாரப் பேச்சைக் காட்டினேன். "அக்கா, நடுவுல இறங்கி வெள்ளி ராத்திரி பெரிய விமானத்துல ஏறுனீங்க, ஃபிஜில ஞாயிறு விடிகாலை இறங்குனீங்க. உங்களுக்குச் சனிக்கிழமையே கிடையாது. இல்லாத நாள்ல நடந்ததுக்கு ஏன் கோபம்?"

அக்கா மெதுவாக, "சன்னல் வழியா பாத்துக்கிட்டேதான் இருந்தேன்டா. எங்கயும் விடியவே இல்ல" என்றார். முப்பது வருஷ வியாபாரத்தில் தொலைந்த சரக்கெல்லாம் எலிக்குப் போனதா, கப்பல்காரனுக்குப் போனதா என்று தெரியும். ஒரு முழுச் சனிக்கிழமை எங்கே போயிற்று, அத்தான்? அத்தனை பெரிய வானத்தில் அதை யார் எடுத்து வைத்திருக்கிறார்?

"எனக்கு நடக்காத நாள்ல நடந்த கல்யாணம் எனக்கு நடக்கல. மறுபடி நடத்து" என்றார் அக்கா. இன்று காலை மறுபடி நடந்தது, புதுப் பன்றியோடு. அக்கா அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததும்தான் லுசியானே சிரித்தாள்.

வரும் சனி ராத்திரி ஃபிஜியில் ஏறுகிற அக்கா அதே சனி மத்தியானம் அமெரிக்காவில் இறங்குவார், ஏறினதற்கு முன்னாலேயே. போன நாள் குறையாமல் திரும்பி வருகிறது. இப்படிக் கணக்கு வைக்கிறவரை நான் சந்தையில் பார்த்ததில்லை. விமான நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்ளுங்கள். உங்களையும் பிள்ளைகளையும் ஆண்டவர் காப்பாராக.

தங்கள் மைத்துனன்,
செமிசி

பி.கு.: இதை எழுதி முடித்ததும் அக்கா கிளம்ப மாட்டேன் என்றுவிட்டார். "தூரம்னு சொல்லி கல்யாணத்துக்கு வராத மனுஷன் வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்கிறார். மாகாவை நடுவில் வைத்துப் பேசி முடித்தாயிற்று: நீங்கள் வருகிற டிக்கெட் என் செலவு, இரண்டு பேரும் திரும்புகிற டிக்கெட் உங்கள் செலவு.