தானாகக் குதித்தவனுக்குப் பன்னிரண்டு வாரம்

ஓபர்ஹாசல்பாக்,
பிப்ரவரி 26

அன்பு மச்சான் கெரோல்டுக்கு, உன் அக்கா புருஷன் ஓட்மார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா ரோஸ்விதா, நாய் மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே நீ, உன் பெண்டாட்டி கர்டா, உன் புதுக் கார் எல்லாரும் சுகம்தானே? சுகமாகத்தான் இருப்பீர்கள். யோசனை சொன்னவனுக்கு என்ன கேடு, கேட்டவன் பாடுதானே திண்டாட்டம்.

கிறிஸ்துமஸ் விருந்தில் வாத்துக்காலைக் கடித்துக்கொண்டே நீ சொன்னாயே, "அத்தான், இருபத்தாறு வருஷமா சம்பளத்துல பிடிச்சு வேலையில்லாதவங்க காப்பீட்டுக்குக் கட்டியிருக்கீங்க. விட்டுட்டு வந்து வீட்ல உக்காருங்க, மாசாமாசம் தானா வந்து விழும்" என்று. நானும் மண்டையை ஆட்டினேன். எங்கள் பிரஷ் ஆலை முதலாளி ரூடிகர் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து, தினமும் காலையில் எல்லாரும் வட்டமாக நின்று, சிரிக்கிற மூஞ்சியோ அழுகிற மூஞ்சியோ ஒரு காந்தப் பொம்மையைப் பலகையில் ஒட்டி மனநிலையைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். ஐம்பத்தேழு வயசில் பொம்மை ஒட்டச் சொன்னால் மனுஷனுக்கு ரோஷம் வருமா வராதா? எழுதினேன் ராஜினாமா. ஜெர்மனியில் மின்னஞ்சல் செல்லாது, தாளில் மையால் கையெழுத்து வேண்டும். அதையும் போட்டு, உறையில் வைத்து, ஆலை வழியாகத்தானே போகிறாய் என்று உன்னிடம் கொடுத்தனுப்பினேன். வாழ்நாளில் நீ ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான். அதுவும் என் தலையில் மண்ணைப் போடுகிற காரியம்.

போகிறவன்தான் இருக்கிறவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும் என்பது ஊர் வழக்கமாயிற்றே. ஜனவரிக் கடைசி வெள்ளிக்கிழமை இரண்டு பெட்டி பீர், ஒரு செர்ரி கேக், அதன்மேல் உன் அக்கா கிரீமால் எழுதிய "நானாகவே கிளம்புகிறேன்". சின்னதாய் ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். மிச்சமிருந்த நாலு வார விடுமுறையில் கடைசி நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுவாரமே அந்தக் காப்பீட்டுப் பணம் கேட்டு வேலைவாய்ப்பு அலுவலகம் போனேன். அங்கே எங்கெல்ஹார்ட் என்று ஓர் அம்மா, ரொம்பப் பொறுமைசாலி. இருபத்தாறு வருஷம் கட்டியதால் தகுதி உண்டு, ஆனால் ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். பொம்மைக் கதையைச் சொன்னேன். எழுதிக்கொள்ளவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார், "யாராவது தள்ளிவிட்டிருந்தா முதல் நாள்லேருந்தே பணம். நீங்க தானா குதிச்சிருக்கீங்க. குதிச்சவங்களுக்குப் பன்னிரண்டு வாரம் ஒண்ணும் கிடையாது."

அப்படியானால் நான் தள்ளப்பட்டவன்தான் என்று சொல்லிவிட்டேன். ஆதாரம் இருக்கிறதா என்றார். நம் கையில்தான் கோப்பு இருக்கிறதே, வண்ண வண்ணத் தாள் வைத்துப் பிரித்து அடுக்கியது, பெருமையாக நீட்டினேன். மஞ்சள் பகுதியைத் திறந்தார். அங்கே கேக்கின் புகைப்படம், அதை ஏந்தியபடி நான், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. தேதி போட்டு ஒட்டியதும் நான்தான்.

நேற்று மானத்தை விட்டு முதலாளியிடமே போனேன். ஐயா, என்னைத் துரத்தியதாக ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றேன். அந்தக் கல்நெஞ்சன் சிரிக்கிறார். "நான் எதுக்குய்யா உன்னைத் துரத்தணும்? லீவு முடியட்டும், திங்கக்கிழமை பேசிக்கலாம்" என்கிறார். இந்த மாதத்தோடு வேலையே முடிகிறது, இதில் திங்கட்கிழமை என்ன வேண்டிக்கிடக்கிறது? மே மாதம்வரை எதைத் தின்பது என்று எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். உன் அக்கா இன்று பேக்கரியில் வேலை கேட்டுவிட்டு வந்தாள். என்னிடம் பேசவில்லை, நாயிடம் பேசினாள்.

கர்டாவுக்கு எங்கள் அன்பும் ஆசியும். உனக்கு எதுவும் இல்லை. ஈஸ்டருக்கு இந்த வாசல் பக்கம் வந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னால் தெருவுக்கு வந்த அத்தான்,
ஓட்மார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் எங்கெல்ஹார்ட் அம்மா போன் செய்தார். நான் வேலையை விட்டதற்கு ஆலையில் சான்றிதழ் கேட்டாராம். ஓட்மார் விடுமுறையில் இருக்கிறார், ராஜினாமா எதுவும் வரவில்லை என்று பதில். தாள் முதலாளி கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ராஜினாமாவாம், கேக்கும் சொற்பொழிவும் கணக்கில் வராதாம். "நீங்க வேலையில்லாதவரே இல்லையே ஐயா" என்று அவர் என்மேல் பரிதாபப்பட்டார். உன் அக்கா உடனே கர்டாவுக்குப் போன் போட்டாள். உன் புதுக் காரின் முன்சீட்டுப் பெட்டியில், கார் கழுவுகிற கூப்பன்களுக்கு அடியில், என் உறை கசங்காமல் இருந்ததாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், மச்சான். ஈஸ்டருக்கு நாலு நாள் முன்னாடியே வந்துவிடு. திங்கட்கிழமை ஆறு மணிக்கு நான் ஆலையில் இருப்பேன். ஆலைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். திரும்பி வருகிறவனும் கேக் கொண்டுவர வேண்டுமாம், சிரிக்கிற மூஞ்சிப் பொம்மையை முதலாளி எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாராம். அந்த உறையை இன்றே கிழித்துப் போடு. கிழித்துவிட்டதாக மையால் கையெழுத்திட்டு ஒரு தாள் அனுப்பு. அதை மட்டும் நீ தபாலில் போடாதே, கர்டாவிடம் கொடு.